இரண்டு ஆட்டங்களில் தேர்ந்த கோபாலன்



சாயங்கால வேளையில் நம் மேட்டுப் பிள்ளைகள் ஒரு நாள் பந்தை உதைக்கிறார்கள். மறுநாள் அதே மணலில் மட்டை பிடித்து நிற்கிறார்கள். "நீ எந்த ஆட்டக்காரன்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். வயது ஏறியபின் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கும்படி ஆகிவிடுகிறது. இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடி, பின்பு ஒன்றை விட நேர்ந்த தமிழர் ஒருவரை இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

அவர் பெயர் எம். ஜே. கோபாலன். செங்கற்பட்டு ஜில்லா மொரப்பாக்கத்தில் 1909-ம் வருஷம் பிறந்தார். வேகமாகப் பந்து வீசும் இந்த வாலிபரின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் சென்னையில் இருந்த ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயக் கிரிக்கெட் வீரர். அவர் மூலமாகவே கோபாலனுக்குப் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகமும் கிடைத்தது. பிழைப்புக்கு வழி இல்லாதவனுக்கு விளையாட்டு எங்கே? இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்டுப் பந்தயம் ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலனே. பந்தயம் ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது!

ஹாக்கியில் அவருக்கு நடு இடம். எதிரிகளின் பாய்ச்சலைத் தடுத்து, முன்னால் நிற்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டிய இடம் அது. ஆட்டம் முடியும்வரை ஓய்வில்லை. 1935-ல் தியான் சந்தின் கோஷ்டியோடு நியூஜிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார். அந்தப் பிரயாணத்தில் 48 பந்தயங்கள். நம்மவர் போட்ட கோல்கள் 584.

மறு வருஷம்தான் சோதனை. 1936 கோடையில் கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் போகிறது. ஹாக்கி கோஷ்டி பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போகிறது. இரண்டிலும் ஒருவர் இருக்க முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார்.

அந்தக் கிரிக்கெட் கோஷ்டியில் கட்சிச் சண்டை மிகுதி. அமர்நாத் பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 15-ந் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்டு தொடங்கியது; ஆடிய பதினொருவரில் அவர் இல்லை. அதே நாள் பெர்லினில் இந்திய ஹாக்கி கோஷ்டி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றது. மழையால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்ட பந்தயம் அது. தேதிகள் எப்படி வந்து பொருந்தின பாருங்கள்!

கோபாலன் தவறாகத் தெரிந்துகொண்டார் என்பார் பலர். முடிவை அறிந்தபின் சொல்வது எளிது. கப்பலேறும்போது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு டெஸ்டு. இன்னொன்றுக்கு ஆசைப்பட்டதில் குற்றம் என்ன? அதே கப்பற்கோஷ்டியில் சென்னைக்காரர் இன்னொருவரும் இருந்தார்: கோட்டா ராமசாமி. 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். நாற்பது வயதில் முதல் டெஸ்டு ஆடி, மான்செஸ்டரில் 40-ம் 60-ம் ஓட்டங்கள் எடுத்தார். ஒரே பிரயாணம் இருவருக்கும் ஒரேவிதமாய் அமையவில்லை.

கோபாலனுக்கு இரண்டாவது டெஸ்டு வரவே இல்லை. ஆனாலும் சென்னைக்காகப் பல வருஷங்கள் ஆடினார். பின்னர் இந்தியக் கோஷ்டியைத் தெரிந்தெடுக்கும் குழுவிலும் இருந்தார். 1952-53-ல் சென்னைக்கும் இலங்கைக்கும் பந்தயம் ஏற்பட்டபோது, கோப்பைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தொண்ணூறு வயதையும் கடந்து வாழ்ந்து, 2003 டிசம்பர் 21-ந் தேதி சென்னையில் காலமானார்.