ஈர வயலில் பெல்ட் வண்டி இறக்குவது எப்படி?

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்பு தை, மாசியில் வருகிறது. தை பிறந்த பிறகும் ஒரு மழை அடித்துவிட்டால் கதிர் சாய்ந்து, வயல் சொதசொதவென்று ஆகிவிடும். டயர் போட்ட அறுவடை வண்டி அதில் இறங்காது. பெல்ட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அதுவும் சில நேரம் மாட்டிக்கொள்ளும். நேராகப் போகும்போது எடையால் புதைவதைவிட, திரும்பும்போது மண்ணைக் கிளறிப் புதைவதுதான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று டன் வண்டியின் இரண்டு பெல்ட்டும் 45 செ.மீ. அகலம், 170 செ.மீ. நீளத்துக்குத் தரையில் படிந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிராம்தான் அழுத்தம். ஒற்றைக் காலை ஊன்றி நடக்கும் ஆள் இதைவிடக் கூடுதலாக அழுத்துகிறார். ஆகவே உங்கள் கால் புதைகிறது என்பதற்காக மட்டும் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வேலை தண்ணீரை வடிப்பதில் தொடங்குகிறது. அறுப்புக்குப் பத்து நாள் முன்பே பாய்ச்சலை நிறுத்துங்கள். களிமண் வயலானால் பதினைந்து நாள். பிறகும் மழை பெய்தால் வரப்பை ஒட்டி உட்புறமாக மண்வெட்டியால் சிறு வாய்க்கால் இழுத்து, தாழ்ந்த மூலையில் மடையைத் திறந்துவிடுங்கள். நெல் தரிசில் உளுந்து தெளிப்பவர்களுக்கு ஈரம் வேண்டும்தான். ஆனால் தண்ணீர் தேங்கிய வயலில் பெல்ட் ஏறினால் விதை சேற்றுக்குள் போய்விடும். கால் பதியும் ஈரம் போதும்.

அடுத்து, கடப்பாரையோடு வயலைச் சுற்றி வாருங்கள். சேடை ஓட்டிய மண்ணுக்கு அடியில் கெட்டித்தரை இருக்கும். சாண் ஆழத்துக்குள் கடப்பாரை அதில் முட்டினால் பயமில்லை. முழங்கால் ஆழம் தாண்டியும் இறங்கிக்கொண்டே போனால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். மடைவாய், போர் தண்ணீர் விழும் இடம், தூர்த்த பழைய குட்டை ஆகியவைதான் பெரும்பாலும் சிக்கல் தருபவை. அங்கெல்லாம் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். வெளியூர் டிரைவருக்கு உங்கள் வயலின் பழைய கதை தெரியாது.

வண்டி இறங்கும் வரப்பை இருபுறமும் சரிவாக வெட்டி, நேர்குத்தாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். குறுக்குவாட்டில் ஏறினால் ஒரு பக்கம் சாய்ந்து கவிழும். இறங்கும் இடம் நைந்திருந்தால் வைக்கோல் கட்டுகளைப் பரப்புங்கள்.

உள்ளே போன பிறகு ஒரே சீரான வேகம். நின்ற இடத்திலேயே சுழலக் கூடாது. ஒரு பெல்ட்டை நிறுத்தி மறு பெல்ட்டைச் சுற்றினால் அது குழி பறிக்கும். அகல வளைவாகத் திரும்பட்டும். போன தடத்திலேயே மறுபடி போக வேண்டாம். நெல் தொட்டி பாதி நிறைந்ததுமே கொட்டிவிடுவது நல்லது. நெல் ஏற்ற வரும் டிராக்டரை வயலுக்குள் விடாதீர்கள். முதலில் மாட்டுவது அதுதான். கொட்டும் குழாயைத் தூக்கும் முன் மேலே மின்கம்பி தொங்குகிறதா என்று பாருங்கள்.

மாட்டிவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அடிப்பாகம் சேற்றில் உட்காரும். தொட்டியைக் காலி செய்து, இன்ஜினை அணைத்த பிறகு, அடியிலும் பெல்ட்டுக்கு முன்னும் பின்னும் சேற்றைத் தோண்டி எடுங்கள். சேறு உறிஞ்சிப் பிடிக்கும் பிடி அப்போதுதான் விடும். பெல்ட்டுக்கு அடியில் பலகையோ தென்னந்துண்டோ கொடுத்து, வந்த வழியே பின்னோக்கி இழுங்கள். இழுக்கும் வண்டி கெட்டித்தரையில் நிற்க வேண்டும். கம்பிவடத்தை அதற்கென உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கதிர் வெட்டும் முன்பகுதியில் அல்ல. டிராக்டரால் இழுத்தால் தாழ்ந்த கொக்கியில் கட்டுங்கள். உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும். வடத்தின் நடுவில் ஈரக் கோணியைப் போடுங்கள். அறுந்த வடம் ஆளைக் கொல்லும். அதன் நீளத்துக்குள் எவரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் உட்பட.

வாடகை மணிக்கணக்கு. மாட்டிய நேரத்துக்கும் காசு உண்டா, இழுக்க வரும் வண்டிக்கு யார் கொடுப்பது என்பதை வண்டி வரப்பைத் தாண்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.