அழாத உடம்பும் படபடக்கும்

என் 9 வயது மகன் தொட்டதற்கெல்லாம் அழுகிறான். ‘பொம்பளைப் பிள்ளை மாதிரி’ என்று மாமியார் திட்டுகிறார். ஹார்மோன் கோளாறாக இருக்குமா, டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

இல்லை. பருவ வயதுக்கு முன்னால் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அழும். பையனை அழ விடுங்கள்.

அப்பா இறந்த மூன்றாம் நாள் அம்மாவுக்கு (62) நெஞ்சுவலி. ஈ.சி.ஜி.யில் மாற்றம், ரத்தத்தில் டிரோபோனின் கூடுதல். ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. சொந்தக்காரர்கள் ‘துக்கத்தில் நடிக்கிறாள்’ என்கிறார்கள். மருந்து தேவையா?
- வாசகர், திருவாரூர்

நடிப்பவர் ரத்தத்தில் டிரோபோனின் ஏறாதய்யா! இதயத் தசை அடிபட்டால்தான் ஏறும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ‘டகோட்சுபோ’ போலிருக்கிறது. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த நோய். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கப் போடும் பானைக்கு அந்தப் பெயர். கழுத்து குறுகி, அடி உப்பியிருக்கும். எக்கோ திரையில் அப்படியேதான் தெரியும். இதயத்தின் மேல்பகுதி வேகவேகமாகச் சுருங்கும், நுனி மட்டும் உப்பிப்போய் அசையாமல் நிற்கும். அதிர்ச்சியில் பொங்கும் அட்ரினலின்தான் முக்கியக் காரணம் என்று கருதுகிறோம். பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். ஆண்களுக்கு அரிதாகத்தான் வரும். வந்தால் ஆபத்து கூடுதல்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதுவரை மருந்தை நிறுத்தாதீர்கள். மறுபடி எக்கோ எடுக்கச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

அந்தச் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண் நெஞ்சைப் பிடித்தால் ‘வாயு’, ‘மனக்கவலை’ என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறீர்களே, அது எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது தெரியுமா? போன மாதம் ஓர் அம்மா வந்தார். மகனோடு சண்டை, ராத்திரி பதினோரு மணிக்குத் தாடையிலும் முதுகிலும் வலி, குமட்டல். ‘கோபத்தில் வந்தது, தூங்கினால் சரியாகிவிடும்’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். விடிந்து பஸ் பிடித்து வந்தபோது முதுகில் தைல வாசனை போகவில்லை. உள்ளே இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டிருந்தது. அது டகோட்சுபோ இல்லை, அசல் மாரடைப்பு. இரண்டையும் ஈ.சி.ஜி.யை மட்டும் வைத்து எங்களாலேயே பிரிக்க முடியாது. ஆஞ்சியோ பார்க்க வேண்டும். அதை நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து எப்படிப் பிரிப்பீர்கள்? பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சுவலிதான் பிரதானம். ஆனால் தாடைவலி, முதுகுவலி, குமட்டல், மூச்சு வாங்குவது எல்லாம் ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம் கூடவரும். சண்டைக்குப் பிறகு வந்தாலும் சரி, சாவு வீட்டில் வந்தாலும் சரி, முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். மனசைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மாமனார் சாவுக்கு என் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இத்தனை கல்நெஞ்சா?
- வாசகி, ஈரோடு

அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா. ஆன் கிரிங், ஆல்பர்ட் கார்டன் இருவரும் 1998-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் உணர்ச்சிகரமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பெண்கள் முகத்தில் அதிகம் தெரிந்தது. ஆனால் மனசுக்குள் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது இரு தரப்பும் சொன்னதில் பெரிய வித்தியாசம் இல்லை. வறண்ட கண்ணை வைத்து எதையும் அளக்க முடியாது. சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். ரத்த அழுத்தம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராத்திரி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள்.

வயது 51. கோபம் வந்தால் நெஞ்சு அழுத்துகிறது, இடது கை கனக்கிறது. கோபத்தைக் குறைக்க வழி சொல்லுங்கள்.
- வாசகர், ஓசூர்

கோபம் இருக்கட்டும். இதைக் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டா இருப்பது? இதைப் படித்ததும் கிளம்பிப் போய் இதய மருத்துவரைப் பாருங்கள்.