தேடுவோர்க்குச் சொல் தேடுவோர்

உழவனின் உழைப்பை வயலிற் காண்கின்றோம். தச்சனின் திறனைக் கதவிற் காண்கின்றோம். ஆனால், கைத்தொலைபேசியில் ஒரு சொல்லை எழுதி வினாவியவுடன் நம்முன் நிரல்பட வந்து நிற்கும் விடைகளின் பின்னே உழைப்பவர் யாவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுழைப்பாளருள் ஒரு சாராரே தேடற் சந்தைப்படுத்துநர் எனப்படுவோர். ஒரு வணிகத்தைப் பற்றியோ பணியைப் பற்றியோ எழுதப்பட்ட இணையப் பக்கம், அதனை நாடுவோர் கண்ணில் முற்படுமாறு செய்வதே இவர்தம் தொழிலாகும். இத்தொழிலின் இயல்பையும், தமிழ் கற்போர்க்கு இதனோடுள்ள உறவையும் மாணவர் பொருட்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், தேடுபொறி இயங்கும் முறையை அறிதல் வேண்டும். பெருநூல்களின் இறுதியிற் சொல்லடைவு இருப்பதை மாணவர் கண்டிருப்பர். இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகின்றது என அது காட்டும். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் 1902ஆம் ஆண்டில் அபிதானகோசத்தை வெளியிட்டபோது, பெயர்களை அகரநிரலில் அமைத்ததும் தேடுவோர் எளிதிற் காண்பதற்கே யாகும். தேடுபொறியும் இணையப் பக்கங்களை முன்னரே படித்து அடைவொன்றை ஆக்கி வைத்துள்ளது. நாம் வினாவும்போது அது புரட்டுவது அவ்வடைவையே. பின்னர், கிடைத்த பக்கங்களுள் எது முந்துவது, எது பிந்துவது என வரிசைப்படுத்துகின்றது. 1998இற் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கிய லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவரும் இவ்வரிசைக்குப் புதுவழி கண்டனர். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுவன தாமும் மதிப்புடையனவா என நோக்குவதே அவ்வழி. ஒருவரை நல்லவர் எனப் பலர் கூறுவதினும், அறிந்தோர் சிலர் கூறுவது மதிப்புடைத்தன்றோ? இன்று வேறு பல அளவைகளும் இதனோடு சேர்ந்துள்ளன.

இனி, இத்தொழிலாளரின் அன்றாடப் பணியை நோக்குவாம். எவ்வெச் சொற்களை எழுதியோர்க்குத் தம் பக்கம் காட்டப்பட்டது, அவருள் எத்துணைப் பேர் உள்ளே வந்தனர் என்னும் கணக்கை அவர் நாடோறும் பார்ப்பர். கண்டோர் பலராய், வந்தோர் சிலராயின், தலைப்பிற் குறையுளதென உணர்ந்து திருத்துவர். அறுந்த இணைப்புகளைச் செப்பனிடுவர். படங்களுக்குச் சொல்விளக்கம் எழுதுவர். விரைவு குன்றிய இடத்திலும் பக்கம் தாமதமின்றித் திறக்குமாறு செய்வர். வணிகர் பணங்கொடுத்து விளம்பரம் செய்ய விரும்பின் அதனையும் நடத்துவர். இவ்விளம்பரம் ஏலமுறையில் அமைந்தது. இன்ன சொல்லைத் தேடுவோர்முன் என் விளம்பரம் தோன்றி, அவர் அதனைத் தொட்டால் இவ்வளவு தருவேன் என வணிகர் கேட்பர். 1998இல் கோடூ என்னும் நிறுவனம் தொடக்கிய இம்முறையைக் கூகுள் 2002இல் மேற்கொண்டது. மாத முடிவிற் செலவையும் பயனையும் காட்டி அறிக்கை எழுதுதலும் இவர் கடனே. முதலிடம் பெற்றுத்தருவேன் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அவ்வுண்மையை வணிகர்க்கு எடுத்துரைப்பதே இத்தொழிலின் கடினமான பகுதி என்பர்.

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வவுனியாவிலிருந்து இத்தொழிலைச் செய்து வருகின்றார். அவர் ஒரு மாலை நம் இல்லம் வந்து, "ஐயா, கச்சானுக்கு வேறு என்னென்ன பெயர்கள் உண்டு?" என வினவினார். கணினித் தொழில் செய்வோர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என முதலில் வியந்தோம். அவர் விளக்கினார். முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கித் தேங்காய் உடைத்துச் செல்லும் வழிப்போக்கர் எவரும் அங்குக் கச்சான் வாங்காது போவதில்லை. ஆனால் அதே பொருளைத் தமிழகத்தார் வேர்க்கடலை என்றும் நிலக்கடலை என்றும் வழங்குவர். நாம் பப்பாசி என்பதை அவர் பப்பாளி என்பர். இடப்பெயரிலும் இவ்வேறுபாடு உண்டு. முறிகண்டி என எழுதுவோரும் முறுகண்டி என எழுதுவோரும் உளர். விற்பவர் ஒரு சொல்லையும் தேடுபவர் மற்றொரு சொல்லையும் எழுதின், இருவரும் சந்திப்பது அரிதாகும். ஆதலின் எவர் எச்சொல்லாற் பொருளை நாடுவர் என அறிந்து, அச்சொற்களைப் பக்கத்தில் இயல்பாக அமைப்பதே இத்தொழிலின் உயிர்நிலை. வட்டார வழக்கும் ஒருபொருட் பன்மொழியும் தேர்வுக்கு மட்டும் உரியன என்றெண்ணியிருந்த நமக்கு, அன்று நம் மாணவரே ஆசிரியராயினார்.

அவர் கற்பித்த இரண்டாம் பாடம் நம்மை நாணச் செய்தது. பல்லாண்டுகளாக நாம் இலக்கணக் குறிப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, இணையத்தில் ஏற்றி வந்தோம். 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்து பாடங்களைத் தேடினர். நம் குறிப்புகள் எவர் கண்ணிலும் படவில்லை. காரணம் யாதெனின், பாமினி எழுத்தில் 'அம்மா' எனத் திரையில் தெரிவது, கணினியினுள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற கோவையாகவே கிடக்கும். தேடுபொறி அதனைத் தமிழென அறியாது. யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறியிலோ தமிழெழுத்துகட்கெனத் தனியெண்கள் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. வசதி இருந்தும் பழக்கம் விடாமையால், நம் உழைப்பு குடத்துள் வைத்த விளக்காயிற்று. வேண்டிய காலத்திற் பிள்ளைகட்கு உதவாமற்போன அக்குறிப்புகளை இப்போது ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றி வருகின்றோம்.

கண்ணிற் படுதலே நோக்கமாயின், வஞ்சனையும் புகுதல் இயல்பு. பின்னணியின் நிறத்திலேயே எழுத்தை அமைத்து, ஒரே சொல்லைப் பன்முறை மறைத்தெழுதினோரும் உளர். 2006ஆம் ஆண்டில் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மானியத் தளம், தேடுபொறிக்கு ஒன்றும் வருவோர்க்கு மற்றொன்றும் காட்டியமையாற் கூகுளின் அடைவிலிருந்து நீக்கப்பட்டது. குறை களையப்பட்ட பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டது. பெருநிறுவனமாயினும் பொய்க்கு இடமில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இத்துறையின் முன்னோடியருள் ஒருவரான டானி சல்லிவன் என்பாரின் வாழ்க்கையும் நோக்கற்பாலது. அமெரிக்கச் செய்தித்தாள்களிற் பணியாற்றிய அவர், தேடுபொறிகள் பக்கங்களை எவ்வாறு அடைவுபடுத்துகின்றன என ஆராய்ந்து, கண்டவற்றை 1996இல் இணையத்தில் யாவரும் படிக்க எழுதினார். இருபது ஆண்டுகட்கு மேல் அவ்வெழுத்துப் பணியைத் தொடர்ந்தபின், 2017இற் கூகுள் நிறுவனத்திற் சேர்ந்து, தேடலைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளக்கும் பொறுப்பை ஏற்றார். தொழில்நுணுக்கத்தை மறைத்துவைத்தாற் பிறர் போட்டிக்கு வாரார் என எண்ணுவோர் பலர். அவரோ கற்றதைப் பகிர்ந்தே உயர்ந்தார். பிறர்க்கு எழுதப் புகுவோன் தன் அறிவின் ஐயங்களைத் தானே காண்பான். கற்பிப்போர் இதனை நன்கறிவர்.

இத்தொழிலுக்கும் இன்று ஒரு சோதனை வந்துள்ளது. 2022இன் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்தது. 2024இற் கூகுளும், விடையைத் தானே சுருக்கி எழுதி முடிவுகளின் மேலே காட்டத் தொடங்கிற்று. பக்கத்துட் புகாமலே விடைபெற்றுச் செல்வோர் பெருகின், இத்தொழிலுக்கு இடமேது என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று. எனினும், பொறி கூறும் விடையும் முன்னர் எவரோ எழுதியவற்றினின்று திரண்டதே. நம் குளங்களையும் கோயில்களையும் வயல்களையும் பற்றி நாம் எழுதாதிருப்பின், அல்லது எழுதியும் எவர்க்கும் எட்டாதிருப்பின், பிறர் எழுதியதே வன்னியைப் பற்றிய விடையாய் நின்றுவிடும். வணிகரின் வருவாய்க்காக எழுந்த இக்கலை, நமக்கு நம் பெயரைக் காக்கும் கலையாகவும் ஆதல் கூடும்.

இறுதியாக, மாணவர்க்கு ஒரு பயிற்சி தருகின்றோம். உங்கள் ஊரிற் பத்துப் பொருள்களையும் பத்து இடங்களையும் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் பாட்டி எவ்வாறு சொல்வார், கடைக்காரர் எவ்வாறு எழுதுவார், தமிழகத்தார் எவ்வாறு தேடுவார் எனக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் பத்து வரி உண்மையாக, ஒருங்குறியில் எழுதி இணையத்தில் ஏற்றுங்கள். பழைய மாணவர்களே, அயல்நாடுகளில் வாழும் நீங்கள் அவற்றைத் தேடிப் பாருங்கள். கிடையாவிடிற் குறையை எழுதி அறிவியுங்கள். கணினி வல்லார் பலர் நம் கல்லூரிகளிலிருந்து செல்கின்றனர். சொல் வல்லாராகவும் அவர் செல்வாராயின், தேடுவார் கைக்கு நம் நாடு எட்டும்.