எங்கள் மைதானத்தில் ஒரு சட்டப் பாடம்

ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கு வந்த ஆறாம் வகுப்புச் சிறுவனின் காலில் பாட்டில் சில்லு குத்திவிட்டது. முந்தைய நாள் அருகிலுள்ள திடலில் இன்னிசைக் கச்சேரி. வண்டிகளை நிறுத்த, இரவு பத்து மணி வரை பள்ளி மைதானத்தைக் கொடுத்திருந்தோம். நேரம் முடிந்த பிறகும் சிலர் அங்கேயே அமர்ந்து குடித்திருக்கிறார்கள். வெளியே போகச் சொன்ன இரவுக் காவலரை ஏசியும் இருக்கிறார்கள்.

"அவங்க செஞ்சது குற்றமா சார்?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டார்கள். அன்றைய பாடத்தை ஒத்திவைத்துவிட்டுக் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன்.

உள்ளே வந்தது குற்றமா? இல்லை. அனுமதியோடுதான் வந்தார்கள்.

தங்கியது குற்றமா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அத்துமீறலை விளக்குகிறது. முறையாக உள்ளே வந்தவரும், இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ, அல்லது வேறு குற்றம் செய்யவோ எண்ணிச் சட்டவிரோதமாகத் தங்கினால் அது குற்றமே. மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

குடித்துவிட்டுத் தொல்லை தந்தது? 355ஆம் பிரிவு, பொது இடத்தோடு அத்துமீறி நுழையக்கூடாத இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. 24 மணி நேரம் வரை சிறை, ரூ.1,000 வரை அபராதம் அல்லது சமூக சேவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கான அபராதம் பத்து ரூபாய்தான் என்றதும் வகுப்பே சிரித்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் தயங்கி எழுந்தான். "ஞாயித்துக்கிழமை நாங்க சுவர் ஏறிக் குதிச்சு கிரிக்கெட் ஆடுறோமே சார், நாங்களும் குற்றவாளியா?"

பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். அனுமதியின்றி நுழைவது தவறு. ஆனால் அதுமட்டுமே குற்றவியல் அத்துமீறல் ஆகாது. கெட்ட நோக்கமும் சேர வேண்டும் என்று விளக்கினேன். "அதுக்காகச் சுவர் ஏறாதீங்க, தலைமையாசிரியரிடம் கேளுங்க" என்றும் சொன்னேன். மறுநாளே கையெழுத்திட்ட விண்ணப்பம் வந்தது. இப்போது ஞாயிறு காலையில் கதவு திறக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது மட்டுமல்ல, ஓட்ட முயல்வதும் குற்றம். நிறுத்துமிடத்தில் சாவியைத் திருகும்போதே சட்டம் குறுக்கே வந்துவிடுகிறது.

மைதானத்தை வாடகைக்குக் கொடுக்கும்போது மாட்ட வேண்டிய அறிவிப்புப் பலகையை மாணவர்களே எழுதினார்கள்: மூடும் நேரம், மது கூடாது, காவலர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். எந்தப் பிரிவு, எவ்வளவு தண்டனை என்பதை நாளை அவர்கள் மறக்கலாம். 'நோக்கம் என்ன?' என்று கேட்கும் பழக்கம் நிலைத்தால் போதும். உங்கள் பள்ளி வளாகத்திலும் இப்படி ஒரு பாடம் காத்திருக்கலாம். எடுத்து நடத்திப் பாருங்கள்.