கொடியும் நிரலும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் தேவாரம். ஊருக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள் பரந்து கிடக்கின்றன. பழம் பறித்து முடிந்ததும் உழவர்கள் கத்தரிக்கோலுடன் பந்தலடியில் நின்று கொடிகளைக் கவாத்து செய்வர். முற்றிய கிளைகளும் பின்னிக் கிடக்கும் தண்டுகளும் வெட்டப்படும். அறியாதார் கண்ணுக்கு அது கொடியை அழிப்பதுபோலத் தோன்றும். ஆயினும் கொடி மாறுவதில்லை. அதன் ஒழுங்கே மாறுகின்றது. எந்தக் கணுவில் வெட்டலாம், எதனைத் தொடலாகாது என்பதனை அறிந்தவர் கையில்தான் கத்தரிக்கோல் இருத்தல் வேண்டும்.

கணினிக்கு மனிதர் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பு நிரல் எனப்படும். நிரலும் கொடியைப் போன்றதே. முதலில் நூறு வரிகளாக இருந்தது, தேவை பெருகப் பெருகப் பல்லாயிரம் வரிகளாக வளர்கின்றது. ஒரே கணக்கு மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். பயனற்ற வரிகள் நீக்கப்படாமல் கிடக்கும். எழுதியவருக்கே பொருள் விளங்காத பெயர்கள் மலிந்திருக்கும். இந்நிலையில் இருவகைப் பணிகள் தேவைப்படுகின்றன.

முதலாவது, பிசிறு நீக்குதல். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பார், நிரலை ஓட்டிப் பாராமலேயே அதிலுள்ள ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவியொன்றை இயற்றினார். துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறின் ஆங்கிலப் பெயராகிய ‘லிண்ட்’ என்பதனையே அதற்குச் சூட்டினார். தேவாரத்திற்கு வடக்கேயுள்ள போடிநாயக்கனூரில் இலவம் பஞ்சு வாணிகம் சிறந்தது. பஞ்சிலிருந்து கொட்டையும் தூசியும் அகற்றப்பட்ட பின்னரே அது மெத்தைக்கு உதவும் என்பதனை அப்பகுதியினர் நன்கு அறிவர். நிரலுக்கும் அதுவே நெறியாம்.

இரண்டாவது, மறுசீரமைத்தல். நிரல் தரும் விடை சிறிதும் மாறாதிருக்க, அதன் உள்ளமைப்பை மட்டும் செம்மைப்படுத்துவதே இது. 1999ஆம் ஆண்டில் மார்ட்டின் பவுலர் எழுதிய நூலின் வாயிலாக இம்முறை உலகெங்கும் பரவியது.

பிசிறு சிறிதாயினும் அதன் கேடு சிறிதன்று. 2014ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் ஒரு பிழை வெளிப்பட்டது. நிரலில் ஒரே வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. அவ்விரண்டாவது வரியால், இணையத்தில் மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தாமா என்று ஆராயும் படி தாண்டிச் செல்லப்பட்டது. அதன்பின் இருந்த வரிகள் ஒருபோதும் இயங்காதவை ஆயின. இயங்காத வரிகளைச் சுட்டிக்காட்டும் கருவியொன்று முன்னரே பயன்படுத்தப்பட்டிருப்பின், அப்பிழை வெளியே சென்றிராது.

இப்பணிகளுக்கு இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவும் துணைக்கு வந்துள்ளது. கிளாட் கோடு, கோடெக்ஸ் சி.எல்.ஐ., ஜெமினி சி.எல்.ஐ. முதலிய பெயர்களுடைய கருவிகள் 2025ஆம் ஆண்டில் வெளிவந்தன. இவற்றிற்குப் படங்களோ பொத்தான்களோ வேண்டுவதில்லை. கணினித் திரையின் கட்டளை வரியில், செய்ய வேண்டியதனை நாம் பேசும் மொழியிலேயே எழுதினால் போதும். கருவி கோப்புகளைப் படிக்கும். மாற்ற வேண்டிய வரிகளைக் காட்டும். இசைவு கிடைத்தபின் மாற்றி எழுதும். பிசிறு காணும் கருவியையும் தானே ஓட்டி, அது கூறும் குறைகளைக் களையும். ஒருவர் பல நாள் செய்யும் வேலை சில நிமிடங்களில் முடிதலும் உண்டு.

ஆயினும் இங்கேதான் விழிப்பு வேண்டும். தேவாரத்தில் திராட்சை வாங்கும் வணிகர் ஒருவர், எடைக் கணக்கிற்கு ஒரு நிரல் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் மூன்று இடங்களில் எடைக் கணக்கு வருகின்றது. முதலிரண்டு இடங்களில், கூடை ஒன்றுக்கு 2 கிலோ கழிக்கப்படுகின்றது. மூன்றாவது இடத்தில் கழிவு இல்லை. அங்கே வரும் பழத்திற்குத் தராசிலேயே கூடை எடை கழிக்கப்பட்டுவிடுகின்றது. இக்காரணம் நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. மறுசீரமைக்கும் கருவி மூன்றையும் ஒன்றெனக் கருதி ஒரே செயற்கூறாக்கி, எல்லாவற்றிலும் கழித்துவிடுகின்றது. நிரல் முன்னினும் அழகாகவே தோன்றுகின்றது. பிசிறு காணும் கருவியும் குறை கூறவில்லை. ஆனால் 50 கூடை பழம் கொண்டுவந்த உழவர் 100 கிலோவிற்குரிய விலையை இழப்பார். அவர் ஆண்டு முழுவதும் பாடுபட்டதன் பயனன்றோ அது!

இதனைத் தடுப்பது எங்ஙனம்? மாற்றம் செய்யுமுன், கையால் சரிபார்த்த பழைய கணக்குச் சீட்டுகள் சிலவற்றைச் சோதனைகளாக அமைத்தல் வேண்டும். மூன்று வகைக் கணக்கிற்கும் சோதனை இருத்தல் இன்றியமையாதது. மாற்றத்திற்குப்பின் அதே விடைகள் வருகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். விடை வேறுபடின், மாற்றத்தைக் கைவிட்டுப் பழைய நிரலுக்கே மீளுதற்கு வழியும் முன்னரே வகுத்திருத்தல் வேண்டும். ஒரே முறையில் எல்லாவற்றையும் மாற்றாமல், சிறிது சிறிதாக மாற்றி, மாறிய ஒவ்வொரு வரியையும் படித்தறிதல் நன்று. கழிவு இல்லாமைக்குரிய காரணத்தையும் நிரலிலேயே குறித்து வைப்பின், பின்வருவோர்க்கும் அது விளங்கும்.

கருவிக்கு விரைவு உண்டு, களைப்பு இல்லை. ஆனால் தராசடியில் நிற்கும் உழவரை அது அறியாது. அவரை அறிந்தவர் மனிதரே. கத்தரிக்கோல் எத்துணைக் கூரியதாயினும், எந்தக் கணுவில் வெட்டுவது என்று முடிவு செய்பவர் கொடியை அறிந்த உழவரே அன்றோ? நிரலைத் திருத்துவோரும் அவ்வாறே தம் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்து விடாமல், அதன் துணையை மட்டும் கொள்ளுதல் வேண்டும்.