ராஜன் என்னும் ரோனின்

சென்ற மாதம் லோத்குண்டாவில் என் வீட்டில் நண்பர்கள் நாலைந்து பேர் கூடி ‘அந்த நாள்’ (1954) படத்தை மறுபடியும் பார்த்தோம். முடிந்ததும் ஒருவர், “ராஜன் தேசத்துரோகி. இதில் பேச என்ன இருக்கிறது சார்?” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

எஸ். பாலசந்தர் இயக்க, ஏவி.எம். தயாரித்த இப்படத்துக்குத் தூண்டுகோல் அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) என்பது அன்பர்கள் அறிந்ததே. அதில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். நால்வர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஆவியாக வந்து பேசும் அந்தச் சாமுராயே! ‘அந்த நாள்’ படத்தில், 1943 அக்டோபர் 11 அன்று சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசியதற்கு மறுநாள், வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். துப்பறிய வருபவர் ஜாவர் சீதாராமன்; கதை வசனமும் அவருடையதே. பாட்டில்லாத படம். (இதுவரை பாராதவர்கள் மன்னிக்கவும், முடிவைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.)

கதை சொல்லும் முறையை வைத்து இரு படங்களையும் ஒப்பிடுவது வழக்கம். எனக்கோ ராஜனைப் பார்க்கும்போது, ஏழாண்டு கழித்துக் குரோசவா எடுத்த ‘யோஜிம்போ’ (1961) நாயகன்தான் நினைவுக்கு வருகிறான். எஜமானன் இல்லாத சாமுராயை ரோனின் என்பார்கள். கையில் வித்தை இருக்கும். அதை மதித்து வாங்க ஆள் இருக்காது. தோஷிரோ மிஃபூனே நடித்த அந்த ரோனின், ஓர் ஊரின் இரு கோஷ்டிகளிடமும் வாளுக்கு விலை பேசி, அவர்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறான். நல்லவன் என்று சொல்ல முடியாது. ஆனால் சிறைப்பட்ட ஒரு பெண்ணை மீட்டுக் கணவனிடம் சேர்த்து, கையிலிருந்த பணத்தையும் கொடுத்தனுப்புகிறான். அந்த ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் அடிபட்டுச் சாகக் கிடக்கிறான்.

ராஜனும் வித்தைக்காரன். ஏழைகளும் வாங்கும் மலிவான வானொலிக்கு வழி கண்டவன். அரசாங்கம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஜப்பானியர் பக்கம் சாய்ந்து ரகசியங்களை விற்கிறான். நாட்டியக்காரி ஒருத்தியின் தொடர்பும் உண்டு. படம் அவனைப் பூசி மெழுகவில்லை. சிவாஜி கணேசனும் நம் இரக்கத்தைக் கெஞ்சிக் கேட்கவில்லை.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த நாளில் நான் வரைந்து கொடுத்த ஒரு திட்டம், பிரித்துப் பார்க்கப்படாமலே கோப்போடு திரும்பி வந்தது. அன்றிரவு எனக்குள் எழுந்த எண்ணங்களை எழுத்தில் வைக்க மாட்டேன். ஆகவே ராஜனின் குமுறல் எனக்குப் புரிகிறது. புரிவதுதான் சங்கடம்.

ஆனால் ரோனினைக் கேள்வி கேட்க அவன் வீட்டில் யாரும் இல்லை. வேலை முடிந்ததும் தன் வழியே போய்விடுகிறான். ராஜனுக்கு உஷா இருக்கிறாள். அவன் காரணங்களையெல்லாம் கேட்டு, அவனை நேசித்துக்கொண்டே எதிர்த்து நிற்கிறாள். குண்டு பாய்வது அவள் கைத் துப்பாக்கியிலிருந்துதான். அந்தக் காட்சியில் பண்டரிபாயின் முகத்தைக் கவனியுங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்படியானால் ராஜன் நல்லவனா?” என்றார் விடாமல். “இல்லை” என்றேன். காபி கொண்டுவந்த என் மனைவி, “அந்தக் கோப்பு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது” என்றாள்.