இனத்தைக் காத்த பதிவேடு

நல்ல கால்நடை இனம் ஒருவருடைய தொழுவத்தில் மட்டும் நிலைத்து விடுவதில்லை. வளர்ப்போர் பலர் சங்கமாகக் கூடி, ஒரே விதிப்படி பதிவு செய்து வந்தால்தான் அது தலைமுறை கடந்து நிற்கும். இதற்கு இங்கிலாந்தின் சஃபோக் குதிரைச் சங்கம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சங்கம் தோன்றிய விதம்

சஃபோக் குதிரை, கிழக்கு இங்கிலாந்தின் களிமண் நிலங்களில் ஏர் இழுத்த செந்நிறக் குதிரையாகும். கால்களில் அடர்ந்த மயிர் இல்லாததால் சேறு அதிகம் ஒட்டாது. இதனை வளர்த்தோர் 1877-இல் சங்கம் அமைத்தனர். ஹெர்மன் பிடெல் என்பவர் பழைய விவரங்களைத் திரட்ட, 1880-இல் முதல் மரபுப் பதிவேடு வெளிவந்தது. இன்றுள்ள சஃபோக் குதிரைகள் யாவும் ஆண்வழியில் 1768-இல் பிறந்த ஒரே பொலிகுதிரையின் வழிவந்தவை என்று அறிய முடிவது இத்தகைய பதிவுகளால்தான்.

சங்கத்தின் பணிகள்

1. பிறக்கும் குட்டிகளைத் தாய், தந்தை விவரத்துடன் பதிவு செய்தல்.
2. இனத்தின் நிறம், உடலமைப்பு ஆகியவற்றுக்கு இலக்கணம் வகுத்தல்.
3. கண்காட்சிகள் மூலம் சிறந்த குதிரைகளை ஊக்குவித்தல்.

முன்பு இந்த இனத்தின் குளம்பு தரமற்றது என்ற குறை இருந்தது. கண்காட்சிகளில் குளம்புக்கென்றே தனிப் போட்டி வைத்தனர். நல்ல குளம்புள்ளவை தேர்ந்தெடுக்கப்பட்டதால் குறை நீங்கியது.

சோதனைக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர்கள் பெருகின. குதிரைகள் குறைந்தன. 1966-இல் பதிவான குட்டிகள் 9 மட்டுமே! எஞ்சியவற்றின் வம்சாவளி ஏட்டில் இருந்ததால், நெருங்கிய உறவுள்ளவற்றை இணை சேர்க்காமல் தவிர்க்க வழி இருந்தது. இன்றும் இது அரிய இனமே. ஆயினும் அழிந்து போகவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

* கன்று பிறந்த தேதி, தாய்ப்பசு, பொலிகாளை ஆகிய விவரங்களை நோட்டில் எழுதுங்கள்.
* மாட்டின் காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்ணையும் குறித்து வையுங்கள்.
* சினை ஊசி போட்டால் காளையின் எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.
* ஒரே காளையின் மகளுக்கு அதே காளையைச் சேர்க்காதீர்கள்.
* ஒரே இனம் வளர்க்கும் அண்டை விவசாயிகளுடன் கூடி, ஊருக்கு ஒரு பொதுப் பதிவேடு வையுங்கள்.

இனம் செழித்திருக்கும்போதே ஏட்டைத் தொடங்குவதே அறிவுடைமை.